ஃபிராங்க்ளின் வாங்காத காப்புரிமை

அன்புள்ள ஐயா,

பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றைச் சமீபத்தில்தான் படித்தேன். அடுப்பு, இடிதாங்கி, பைஃபோகல் கண்ணாடி என்று இத்தனை செய்தவர் எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. நான் ஒரு இயந்திர நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு திருகாணியை மாற்றினால்கூட முதலில் வக்கீலைக் கேட்க வேண்டும். இவர் பிழைக்கத் தெரியாதவரா, வசதி இருந்ததால் விட்டுக்கொடுத்தவரா, அல்லது மகானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிழைக்கத் தெரியாதவர் என்பதை உடனே தள்ளிவிடலாம். பாஸ்டனில் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவரின் 17 பிள்ளைகளில் 15ஆவது அவர். பள்ளிக்குப் போனது இரண்டே வருடம். அப்படிப்பட்டவர் 42 வயதில், 1748இல், ஃபிலடெல்ஃபியா அச்சகத்தைப் பங்காளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்துவிட்டு அன்றாட வேலையிலிருந்து விலகினார். லாபத்தில் பாதி 18 வருடத்துக்கு அவருக்கு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். காசுக் கணக்கில் கெட்டிக்காரர்.

வசதி இருந்ததால் விட்டுக்கொடுத்தார் என்பதும் முழுக்கப் பொருந்தவில்லை. அடுப்பு வந்தது 1740களின் தொடக்கத்தில். அப்போது அவர் அச்சகத்தை நடத்திக்கொண்டிருந்த தொழிலாளி-முதலாளி. பென்சில்வேனியா ஆளுநரே குறிப்பிட்ட காலத்துக்கு விற்பனை உரிமை தருகிறேன் என்று முன்வந்தார். பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் இத்தனை பயன் அடைகிறோம், நம்முடையதையும் தாராளமாகக் கொடுப்பதுதான் முறை என்று சொல்லி மறுத்துவிட்டார்.

நீங்கள் வடிவமைப்பாளர் என்பதால் அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வார்ப்பிரும்புத் தகடுகளால் ஆன பெட்டி அது. அதற்குள் ஒரு வெற்றறை. தரைக்கடியிலிருந்து வரும் குளிர்ந்த காற்று அதில் வளைந்து வளைந்து ஏறிச் சூடாகி அறைக்குள் வரும். புகை நேரே மேலே போகாது. பின்பக்கம் கீழிறங்கி, தரையை ஒட்டிப் போய், அப்புறம்தான் புகைபோக்கியில் ஏற வேண்டும். சூட்டை வீணாக்காத யோசனைதான். ஆனால் புகைபோக்கி குளிர்ந்துவிட்டால் புகை கீழே இறங்க மறுத்து அறைக்குள் திரும்பிவிடும். அப்புறம் டேவிட் ரிட்டன்ஹவுஸ் போன்றவர்கள் புகைப்பாதையைத் திருத்தினார்கள். இன்று ஃபிராங்க்ளின் அடுப்பு என்று விற்பது அப்படித் திருத்தப்பட்டவற்றைத்தான். அவர் உரிமை வாங்கிப் பூட்டியிருந்தால் அந்தத் திருத்தங்கள் அவ்வளவு எளிதில் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. லண்டனில் ஒரு இரும்பு வியாபாரி சிறு மாற்றம் செய்து, ஃபிராங்க்ளின் பார்வையில் அதைக் கெடுத்து, காப்புரிமையும் வாங்கிச் சம்பாதித்தார். அதைத் தெரிந்தும் ஃபிராங்க்ளின் வழக்குப் போடவில்லை. இடிதாங்கியிலும் இதே வழிதான். வீட்டின் மேல் கூர்முனை இரும்புக் கம்பியை நிறுத்தி, அதன் மறுமுனையை ஈர மண்ணுக்குள் இறக்குவது எப்படி என்று தான் வருடந்தோறும் வெளியிட்ட பஞ்சாங்கத்தில், 1753ஆம் ஆண்டுக்கான இதழிலேயே அச்சிட்டுவிட்டார்.

அந்த அடுப்பின் மாதிரியை யாரிடம் கொடுத்தார் என்று கவனித்தீர்களா? ராபர்ட் கிரேஸ் என்ற நண்பரிடம். இரும்பு உலை வைத்திருந்த அவர் தகடுகளை வார்த்து விற்றார். இந்தப் பெயர் தன்வரலாற்றில் முன்பே வருகிறது. 1730 வாக்கில் அப்போதைய பங்காளி ஹியூ மெரிடித்தின் அப்பா சொன்னபடி பணம் கட்டாததால் ஃபிராங்க்ளினின் அச்சகம் கடனில் மூழ்கப் பார்த்தது. அப்போது ஒருவருக்கொருவர் தெரியாமல், இவர் வாய்திறந்து கேட்காமலே, முழுத் தொகையையும் தருகிறேன் என்று வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வில்லியம் கோல்மன், இன்னொருவர் இந்த கிரேஸ். யார் மனமும் கோணக் கூடாது என்று ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டார்.

என் கருத்தில் உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. தன் உழைப்பால் மட்டும் மேலே வந்ததாக அவர் நினைக்கவில்லை. கடைசிவரை இந்தக் கடனை மறக்கவும் இல்லை. பாஸ்டனுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் தலா 1000 பவுண்டு எழுதிவைத்து, தொழில் தொடங்கும் இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்கச் சொன்னார். தன் செல்வத்துக்கு அடித்தளம் இரண்டு நண்பர்கள் தந்த கடன்தான் என்று அந்த உயிலிலேயே காரணத்தையும் எழுதினார். 200 வருடம் கழித்து, 1990இல், ஃபிலடெல்ஃபியாவில் அது 20 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. பாஸ்டனில் அதைவிட அதிகம்.

சரி, மகானா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்களும், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரங்களும் அவருடைய பத்திரிகையில் வந்தன. நான் மேலே சொன்ன லாபத்தில் அந்தக் காசும் உண்டு. 1757இல் அவரும் மகனும் லண்டனுக்குப் போனபோது பீட்டர், கிங் என்ற இரண்டு அடிமைகளைக் கூட்டிப் போனார்கள். கிங் அங்கே தப்பித்து ஓடிவிட்டார். பிறர் உழைப்புக்கு இவ்வளவு நன்றி காட்டியவருக்குத் தன் வீட்டுக்குள் இருந்தவர்களின் உழைப்பு வெகுகாலம் கணக்கில் வரவில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

கடைசிக் காலத்தில் மாறினார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போன மனுவில் கையெழுத்திட்டார். ஜார்ஜியா உறுப்பினர் ஒருவர் அடிமை முறையை ஆதரித்துப் பேசியதும், படுக்கையில் கிடந்தபடியே, புனைபெயரில் அந்தப் பேச்சைக் கிழித்து ஒரு கட்டுரை எழுதினார். அதே வருடம் ஏப்ரல் 17 அன்று, 84 வயதில் இறந்தார். அந்த மனுவின் மேல் காங்கிரஸ் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.

அன்புடன்