ஆரஞ்சில் ஓட்டை போடுவது யார்?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக்கு ஊடே கமலா ஆரஞ்சு வைத்திருக்கிறேன். கறுப்பில் மஞ்சள் புள்ளி போட்ட பட்டாம்பூச்சி பகலெல்லாம் மரத்தைச் சுற்றுகிறது. பழுக்கும் காய்களில் சிறு ஓட்டை விழுந்து உதிர்கின்றன. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. பட்டாம்பூச்சிக்கு வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: ஐயா, அந்தப் பட்டாம்பூச்சி உங்கள் பழத்தைத் தொடவே இல்லை. பூவில் தேன் உறிஞ்சும் அதன் மெல்லிய குழல் ஆரஞ்சுத் தோலில் இறங்காது. அதன் புழுதான் கொழுந்தைத் தின்னும். சிறிதாக இருக்கையில் பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பு நீட்டி நாற்றம் விடும். காய்க்கிற மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். புதுக் கன்றுகளில் மட்டும் கையால் பொறுக்கிப் போடுங்கள், போதும்.

உதிர்ந்த பழத்தை அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. புழு இல்லாமல் ஓட்டையைச் சுற்றி ஊறி அழுகியிருந்தால், பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. இருட்டியதும் டார்ச்சோடு போனால் பார்த்துவிடலாம். முன்சிறகு காய்ந்த இலை மாதிரி, பின்சிறகு ஆரஞ்சில் கறுப்புத் திட்டு. இதன் உறிஞ்சுகுழல் தோலையே துளைக்கும். பட்டாம்பூச்சிக்குப் புழுப்பருவம்தான் கெடுதல், இதற்கு வளர்ந்த பூச்சி. இதன் புழு ஆரஞ்சு இலையைத் தின்னாது. வேலியில் படரும் சீந்தில் கொடியிலும் கட்டுக்கொடியிலும் வளர்கிறது.

அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேலியைப் பற்றி. தோட்டத்துக்குப் போனால் நான் மரத்துக்கு முன்னால் வேலியைத்தான் பார்ப்பேன். மருந்துக்கொடி என்று சீந்திலை வெட்ட மனம் வராது, தெரியும். ஆனால் ஆரஞ்சு வேலியில் அது வேண்டவே வேண்டாம். வெட்டிய துண்டும் தழைக்கும்; வேரோடு பிடுங்கி எரியுங்கள்.

எந்தப் பூச்சி, பகலா இரவா என்று கேட்காமல் புட்டியை நீட்டும் கடைக்காரருக்கு விற்பனைதான் குறி. ராத்திரி வெளியிலிருந்து வந்து சாறு குடித்துவிட்டுப் போகிற பூச்சியைப் பகலில் இலையில் தெளித்த மருந்து என்ன செய்யும்? பறிக்கப்போகும் பழத்தில் விஷம் ஏறும். பட்டாம்பூச்சி முட்டையை அழிக்கிற சிறு குளவிகளும் சாகும். இனி அந்த மருந்தை அடிக்காதீர்கள்.

காடு சூழ்ந்த இடம், வேலியைச் சுத்தம் செய்தாலும் அந்துப்பூச்சி கொஞ்சம் வரும். உதிர்ந்த பழத்தை அன்றன்றே குழியில் புதையுங்கள். அந்த வாடைக்குத்தான் இன்னும் வருகிறது. பொழுது சாய்ந்ததும் புகை போடுங்கள். நல்ல காய்ப்புள்ள மரங்களில் பழம் நிறம் மாறுமுன் காகிதப் பை கட்டிவிடுங்கள்.