முழு மயக்கத்தில் வாய் ஒப்பரேசன்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒப்பரேசன் தியேட்டரில் மயக்க மருந்துப் பக்கம் வேலை செய்யும் தாதி நான். அந்தப் பக்கத்துக் கேள்விகளுக்குத்தான் பதில். பல்லுக் கம்பி, பல் வெண்மை எல்லாம் பல் டொக்டரிடம் கேளுங்கள்.

கல்முனை: ஞானப்பல் எடுக்கக் காலை 8 மணிக்குத் தியேட்டர். விடிய ஒரு பால் தேத்தண்ணி குடிக்கலாமா மிஸ்?

கூடாது தம்பி. பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணித்தியாலத்துக்கு முன்னமே நிறுத்த வேண்டும். மயங்கியதும் இருமுகிற, விழுங்குகிற உணர்வு போய்விடும், வயிற்றில் கிடப்பது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் முன்வரை பொதுவாகச் சரி.

ஏறாவூர்: என் வாப்பாவுக்கு இரவு 12க்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணியும் கொடுக்கவில்லை. ஆட்களைக் குழப்பாதீர்கள்.

அது பழைய வழக்கம் நானா. தண்ணீர் வயிற்றில் தங்காமல் சீக்கிரம் இறங்கிவிடும். இரவு முழுக்கத் தாகத்தோடு கிடந்தால் தலையிடியும் களைப்பும்தான் மிச்சம். ஆனால் நீண்டநாள் சீனி வருத்தக்காரருக்கும் கர்ப்பிணிக்கும் கணக்கு வேறு, அதனால் வார்ட்டில் சொல்லும் நேரம்தான் முடிவு.

காத்தான்குடி: அப்போ பிளேன்ரீ?

பால் இல்லாவிட்டால் தண்ணீர்க் கணக்கு, சீனி போட்டாலும்.

ஏறாவூர்: பிளேன்ரீயோடு ஒரு பிஸ்கட் கடிப்பார்களே, அதற்கு யார் பொறுப்பு?

பிஸ்கட் சாப்பாடு. நீங்கள் பயப்படுவதும் நியாயம்தான், அதற்காகத் தண்ணீரையும் மறிக்க வேண்டியதில்லை.

ஆரையம்பதி: அம்மாவுக்கு வாயில் கட்டி எடுக்கப் போகிறார்கள். வெற்றிலை போடுகிறவர். அன்று காலை மட்டும் விட்டால் போதுமா?

போதாது, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பாக்கு வருடக்கணக்கில் கன்னத்து உட்தோலை இறுக்கி வாயைத் திறக்க விடாமல் செய்துவிடும். புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. அம்மாவின் வாயில் அவரது மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைகின்றனவா பாருங்கள். நுழையாவிட்டால் மயக்கத்தில் மூச்சுக்குப் போடும் குழாயை வாய் வழியாக இறக்குவது கஷ்டம், அதனால் கிளினிக்கிலேயே மயக்க டொக்டரிடம் சொல்லுங்கள், கமராக் குழாயின் உதவியோடு அதை மூக்கு வழியாக இறக்க முன்கூட்டியே ஆயத்தம் செய்வார். ஆடுகிற பல், கட்டுப்பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று: அஸ்பிரினை நானே நிறுத்தவா?

வேண்டாம். குளிசைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

களுவாஞ்சிக்குடி: பல் எடுத்து மூன்றாம் நாள், கன்னம் வீங்கியிருக்கிறது. தொண்டையும் நோகிறது.

தொண்டை நோவு மயக்கத்தில் மூச்சுக்குக் குழாய் போட்டதால், ஓரிரு நாளில் போகும். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறித்தான் இறங்கும். ஆறிய கஞ்சி, தயிர் சாப்பிடுங்கள், ஸ்ட்ரோ வேண்டாம், சிகரெட் வேண்டவே வேண்டாம், பல் எடுத்த குழியில் கட்டியான இரத்தம் கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து வலி உயிரை எடுக்கும். காய்ச்சலோ, துணியை அரை மணித்தியாலம் கடித்தும் நிற்காத இரத்தமோ என்றால் உடனே ஆஸ்பத்திரி. விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டம் என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

செங்கலடி: காலையில் பால் தேத்தண்ணி...

மேலே கல்முனைத் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

வாகரை: வார்ட்டில் இருக்கிறேன், நாலரைக்குப் பால் தேத்தண்ணி குடித்துவிட்டேன். கேட்டால் இல்லை என்று சொல்லவா?

ஐயோ, வேண்டாம் தங்கச்சி. இப்பவே பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸிடம் நேரத்தைச் சொல்லுங்கள். பத்தரைக்குப் பிறகு எடுப்பார்கள், இல்லாவிட்டால் வேறு நாள் தருவார்கள்.