ஓடும் டேட்டாபேஸுக்கு பேக்கப்: கேள்வி-பதில்

கேள்வி: மைஎஸ்க்யூஎல், 20 ஜிபி. டம்ப் (டேட்டா முழுவதையும் ஒரு ஃபைலாக எழுதுவது) எடுக்கும்போதெல்லாம் சைட் நின்றுவிடுகிறது.

பதில்: சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன் ஆப்ஷன் போடாமல் மைஎஸ்க்யூஎல்டம்ப் ஓட்டுகிறீர்கள், அது டேபிள்களைப் பூட்டுகிறது. போட்டால் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு முறை) டேபிள்கள் பூட்டாமலே, டம்ப் தொடங்கிய நேரத்து நிலையில் கிடைக்கும். மைஐஎஸ்ஏஎம் என்ற பழைய முறையில் டேபிள் ஏதாவது மிச்சமிருந்தால் அதற்கு இது உதவாது, முதலில் இன்னோடிபிக்கு மாற்றுங்கள். டம்ப் ஓடும்போது யாரும் ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) போடக் கூடாது. எடுத்ததை ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ், 800 ஜிபி. பிஜிடம்ப் விடிய விடிய ஓடுகிறது. வேகமாக்க வழி?

பதில்: டைரக்டரி ஃபார்மட்டில் நாலைந்து ஜாபாகப் பிரித்து ஓட்டலாம். ஆனால் நேரம் விழுங்கப்போவது ரீஸ்டோர்தான், இண்டெக்ஸ் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். டம்ப் முடியும்வரை போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலையான வேக்யூமும் பழைய வரிகளைத் துடைக்க முடியாது. இந்த அளவுக்கு பிஜிபேஸ்பேக்கப் (டேட்டா ஃபைல்களையே நகலெடுப்பது), கூடவே வால் ஆர்க்கைவிங் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவையும் சேர்த்துவைப்பது). பதிப்பு 17 முதல் இன்கிரிமென்டலும் (மாறியதை மட்டும் எடுப்பது) உண்டு.

கேள்வி: இரண்டு ரெப்ளிகா (மாற்றங்களை உடனுக்குடன் வாங்கும் நகல் சர்வர்) இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

பதில்: டேபிளையே அழிக்கும் ட்ராப் டேபிள் கட்டளையும் ரெப்ளிகாவுக்குப் போய்ச் சேரும் என்பதற்கு.

கேள்வி: டேட்டாபேஸ் பேக்கப்புக்கு எது பெஸ்ட்?

பதில்: எந்த டேட்டாபேஸ், எவ்வளவு பெரிது, எத்தனை நிமிட டேட்டா போனால் தாங்குவீர்கள், எத்தனை மணி நேரத்தில் திரும்ப எழ வேண்டும்? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது?

கேள்வி: மூன்று வருடமாக கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கருவி) தினசரி பேக்கப். ஒரு எரர் மெயில்கூட வந்ததில்லை. ரீஸ்டோர் சோதனைக்கு சர்வர் கேட்டால் மேலிடம் தர மறுக்கிறது. அவசியம்தானா?

பதில்: எரர் மெயிலே வராததுதான் எனக்கு பயம். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிப்புத் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்து பிரைமரியின் (மூல சர்வரின்) டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அதை வைக்கும் எஸ்3 பக்கெட் (அமேசானின் கிளவுட் சேமிப்பு) காலி. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6, ஓடியதோ 9.2-இன் பிஜிடம்ப், பதிப்பு ஒத்துவராமல் ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. அந்தப் பிழை மெயில்களும் டிமார்க் (மெயில் அனுப்பியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறை) சிக்கலால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கைகொடுத்தது, வேறு வேலைக்காக சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்). இடைப்பட்ட ஆறு மணி நேரத்து டேட்டா போயே போயிற்று.

உங்கள் கிரானும் தினமும் காலி ஃபைலை எழுதிக்கொண்டிருக்கலாம். மாதம் ஒருமுறை ஒரு வாடகை சர்வரில், சில மணி நேரத்துக்கு, கடைசி பேக்கப்பை ஏற்றுங்கள். முக்கிய டேபிள்களில் வரிகளை எண்ணுங்கள், கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள், எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துவையுங்கள். அதற்கும் மேலிடம் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

கேள்வி: ஓடும் எஸ்க்யூலைட் ஃபைலை காப்பி செய்தால் போதுமா?

பதில்: போதாது. எஸ்க்யூலைட்டின் பேக்கப் கமாண்டையோ வேக்யூம் இன்டூ கமாண்டையோ பயன்படுத்துங்கள்.

கேள்வி: பிஜிடம்ப் ஃபைலை ரீஸ்டோர் செய்தோம், யூசர்கள் யாரும் வரவில்லை.

பதில்: ரோல்கள் (டேட்டாபேஸ் யூசர் கணக்குகள்) அதில் வராது. பிஜிடம்ப்ஆல், குளோபல்ஸ்-ஒன்லி ஆப்ஷனோடு தனியாக எடுங்கள். ரீஸ்டோர் செய்து பார்த்ததால்தானே தெரிந்தது, நீங்கள் தேவலை.