மாறியது சரி, முன்னேறியதா?

கேள்வி: "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று நன்னூலே சொல்லிவிட்டது. அப்புறமும் ஏன் சிலர் மாற்றம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்?

பதில்: வரியைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். எல்லோரும் அங்கேதான் விடுகிறார்கள். "வழுவல கால வகையினானே" என்று அது முடிகிறது. நன்னூலை எழுதிய பவணந்தியார் பேசுவது மொழியைப் பற்றி. காலப்போக்கில் சில பழைய வழக்குகள் உதிர்வதும் சில புதிதாய் நுழைவதும் குற்றமில்லை என்கிறார், அவ்வளவுதான். குற்றமில்லை என்பதற்கும் நல்லது என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. புதியது வந்தாலே முன்னேற்றம் என்பதை நாம்தான் மேடைக்கு மேடை சேர்த்துக்கொண்டோம். முகம் சுளிப்பவர்களில் பல பேர் மாற்றத்துக்குப் பயந்தவர்கள் இல்லை, போன மாற்றத்தில் அடிபட்டவர்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மூன்று வருஷத்தில் மூன்று மென்பொருள் மாற்றிவிட்டார்கள். வேலை அதே வேகத்தில்தான் நகர்கிறது. கேட்டால் "முன்னேற வேண்டாமா?" என்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: இதே கூத்து மின்சாரம் வந்தபோதும் நடந்தது. நீராவிக் காலத்துத் தொழிற்சாலையில் ஒரு பெரிய எஞ்சின்தான் இருக்கும். அது சுழற்றும் நீளமான இரும்புத் தண்டு கூரையை ஒட்டி கட்டடம் முழுக்க ஓடும், அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டும். ஒரே ஓர் இயந்திரத்துக்கு வேலை இருந்தாலும் தண்டு சுற்றியாக வேண்டும், மேலிருந்து எண்ணெய் சொட்டும், எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தண்டுதான் முடிவு செய்யும், வேலையின் வரிசை அல்ல. 1882ல் லண்டனிலும் நியூயார்க்கிலும் எடிசனின் மின்நிலையங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. முதலாளிகள் பலர் என்ன செய்தார்கள்? எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை உட்கார வைத்தார்கள். தண்டு அப்படியே, பெல்ட் அப்படியே, எண்ணெய்ச் சொட்டும் அப்படியே. பலன் சொற்பம். 1900ல்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஓட்டிய சக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தைத் தொடவில்லை. இயந்திரத்துக்கு ஒரு சின்ன மோட்டார் வைத்தால் தண்டே வேண்டாமே, தண்டு இல்லையென்றால் மாடி மாடியாகக் கட்ட வேண்டாமே, வேலை நகரும் வரிசையிலேயே எல்லாவற்றையும் நிறுத்தலாமே என்று கட்டடத்தையே திரும்ப யோசித்த பிறகுதான், அதாவது 1920களில், உற்பத்தித்திறன் எகிறியது. நாற்பது வருஷம்!

உங்கள் அலுவலகத்தில் எஞ்சினை மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். தண்டு எது என்று தேடுங்கள். ஒரு கோப்புக்கு ஐந்து பேர் ஒப்புதல் தர வேண்டும் என்பது மாறாதவரை, காகிதத்தில் தாமதித்த அதே ஐந்து பேர் இனி திரையில் தாமதிப்பார்கள். அடுத்த மென்பொருள் வரும்போது, "இது வந்தால் எது குறையும், எவ்வளவு குறையும்?" என்று மட்டும் கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். (இந்தக் கேள்வி விழுந்ததும் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.)

கேள்வி: முன்னேற்றம் என்று கொண்டாடியது பின்னால் தப்பாகப் போனால்?

பதில்: தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரே ஆள், இதற்கு இரண்டு உதாரணம் தருகிறார். கார் எஞ்சினின் தட்டல் சத்தத்தை நிறுத்த பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921ல் கண்டுபிடித்தார். 1923லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எஞ்சினைக் கேட்டால் முன்னேற்றம்தான். புகையைச் சுவாசித்த குழந்தைகளின் மூளையை யாரும் கேட்கவில்லை. ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம், ஆகவே இதைத் தெரியாமல் நடந்த பிழை என்று நான் விடமாட்டேன். கடைசி நாடாக அல்ஜீரியா இதை நிறுத்தியது 2021ல்.

அடுத்தது 1928ல் அவர் கொண்டுவந்த குளோரோஃபுளோரோகார்பன், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயு. அதுவரை குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தவை அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள், கசிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து. புதியது எரியாது, நஞ்சும் இல்லை. உண்மையான முன்னேற்றம். ஓசோனை அது அரிக்கும் என்று 1974ல்தான் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், அதைக் கட்டுப்படுத்த 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்த இரண்டாவதை மன்னிக்கலாம். தெரிந்ததும் உலகம் நிறுத்தவும் செய்தது.

கேள்வி: புதிதாக ஒன்றுமே செய்யாமல் முன்னேற முடியுமா?

பதில்: கிட்டத்தட்ட. பெரியம்மைக்கு ஜென்னர் தடுப்பூசி போட்டது 1796ல். இயற்கையாகப் பரவிய கடைசித் தொற்று 1977ல் சோமாலியாவில், ஒழிந்தது என்று அறிவித்தது 1980ல். இடையில் கவை முனை ஊசி (நுனி இரண்டாகப் பிளந்தது), வெப்பத்தில் கெடாத மருந்து என்று சில்லறை மாற்றங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் வேலையை முடித்தது, நோயாளி எங்கே என்று தேடிப் பிடித்து அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் குத்திவிட்டு வந்த பொறுமைதான்.

கேள்வி: சரி, நீங்கள் மாற்றத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?

பதில்: இந்தப் பகுதியின் பெயரை ஆசிரியர் இதுவரை நான்கு முறை மாற்றிவிட்டார். கேள்விகள் அதேதான் வருகின்றன. பதில்களும் அதேதான் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது.