மெஷின் வாங்கும் முன் கொசுவத்தியை அணையுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் இழுப்பு, தும்மல், தூசி பற்றியவைதான் அதிகம். எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். காசு எதற்குப் போகிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா இருக்கிறது. கடையில் 28,000 ரூபாய்க்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர் காட்டி, "500 சதுர அடி வரை தாங்கும், வளவில் வைத்தால் வீடு முழுக்கச் சுத்தமாகிவிடும்" என்கிறார்கள். எங்களுடையது பழைய வீடு. பிள்ளை படுக்கும் அறை 12-க்கு 14 அடி, உயரமும் 14 அடி. வாங்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வளவில், அதாவது நடு முற்றத்தில், வைக்கச் சொன்னவர் செட்டிநாட்டு வீடு எதற்குள்ளாவது போயிருக்கிறாரா என்று தெரியவில்லை. வானம் பார்த்த முற்றத்தில் அந்த மெஷினை ஓட்டினால் காரைக்குடிக் காற்று முழுவதையும் அது வடிகட்ட வேண்டும். கரண்ட் பில்தான் ஏறும். ப்யூரிஃபையர் என்பது கதவு, சன்னல் சாத்திய ஓர் அறைக்கான பொருள். வைப்பதென்றால் பிள்ளை படுக்கும் அறையில் வையுங்கள்.

அடுத்து அந்த 500 சதுர அடி. பெட்டியில் போடும் சதுர அடிக் கணக்கெல்லாம் எட்டு, ஒன்பதடி உயரமுள்ள அடுக்குமாடி அறைகளை மனதில் வைத்துப் போட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது சிஏடிஆர் என்ற எண்ணை. ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றை மெஷின் தள்ளுகிறது என்பதுதான் அது. உங்கள் அறையின் கொள்ளளவு 2,352 கன அடி, அதாவது சுமார் 67 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது சுற்றி வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 330-க்கு மேல் சிஏடிஆர் வேண்டும். இதே அளவு அறை எட்டடி உயரத்தில் இருந்தால் 190 போதும். நம் தாத்தாக்கள் வெயிலுக்காக உயர்த்திக் கட்டிய கூரை இந்தக் கணக்கில் மட்டும் நமக்கு எதிராக நிற்கிறது. அப்புறம், பெட்டியில் உள்ள சிஏடிஆர் மெஷினை உச்ச வேகத்தில் ஓட்டும்போது கிடைப்பது. அந்த இரைச்சலில் பிள்ளை தூங்காது. நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள், எண்ணும் குறைந்துவிடும். அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்க வேண்டியிருக்கும்.

"ஹெப்பா டைப்" என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். உண்மையான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், பெட்டியிலேயே அதைப் போட்டிருப்பார்கள். ஓசோன் விடும் மெஷின் எந்த விலைக்கும் வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, ஆஸ்துமா பிள்ளைக்கு அது கெடுதல். மாற்று ஃபில்டர் என்ன விலை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அந்தப் பதிலைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

சரி, வாங்கலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், கொசுவுக்காக இரவு முழுக்க அறையில் சுருள் எரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிப்பதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நுண்துகள் என்றால் பிஎம் 2.5. தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறியது, மூக்கு ரோமத்தில் சிக்காமல் மூச்சுக்குழலின் கடைசிக் கிளை வரை போய்விடும். ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் குழல் அதில் மேலும் சுருங்கும். ஒரு பக்கம் சுருளை எரித்துக்கொண்டு மறுபக்கம் 28,000 ரூபாய் மெஷினை ஓட்டுவதில் என்ன அர்த்தம்? நல்ல கொசுவலை ஒன்று வாங்குங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அப்படித்தான், கம்ப்யூட்டர் சாம்பிராணி ஆனாலும் புகை புகைதான். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் போட்டு, கதவு சன்னலைத் திறந்து விடுங்கள்.

அடுத்த காசு படுக்கைக்கு. கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தையை யாருக்கும் தூக்கிப்போட மனம் வராது, தெரியும். ஆனால் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் அதில்தான் குடியிருக்கின்றன. அவற்றின் கழிவுதான் பல பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்புகிறது. இந்தக் கழிவுத் துகள் கொஞ்சம் பெரியது, காற்றில் அதிக நேரம் மிதக்காமல் படுக்கையில் இறங்கிவிடும். ப்யூரிஃபையருக்கு அது அதிகம் எட்டாது. தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தலையணையைப் புதிதாக வாங்கி, ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் பூச்சி சாகும், கழிவு உள்ளேயே இருக்கும். அதனால் பிறகு நன்றாகத் தட்ட வேண்டும், பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது. இவ்வளவும் செய்து இரண்டு மாதம் பார்த்த பிறகும் குறையவில்லை என்றால், மருத்துவரைக் கேட்டுவிட்டு ப்யூரிஃபையர் கடைக்குப் போங்கள்.

கேள்வி: இருபது வருடமாக வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். தேன்குழல், மனகோலம், அதிரசம் எல்லாம் விறகடுப்பில்தான். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என்-95 மாஸ்க் வாங்கிப் போட்டால் சரியாகுமா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: ஆச்சி, மாஸ்க்குக்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரலிலிருந்து காற்று வெளிவரும் வேகத்தை அளக்கும் ஸ்பைரோமெட்ரி. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். பீடி, சிகரெட் பக்கமே போகாத பெண்களுக்கு வருடக்கணக்கான விறகுப் புகையால் சிஓபிடி என்ற நாள்பட்ட அடைப்பு வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆஸ்துமாவும் அதுவும் வேறு வேறு, மருந்தும் வேறுபடும்.

என்-95 மாஸ்க் துகளைத்தான் தடுக்கும். புகையோடு வரும் வாயுக்களை அது தடுக்காது. வாங்கினால் காதில் மாட்டுவதை விட, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற மாதிரி எடுங்கள், அதுதான் முகத்தில் அடைத்து நிற்கும். உறையில் ஐஎஸ் 9473, எஃப்எஃப்பி2 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வது வெறும் மனத்திருப்திக்கு.

உண்மையான தீர்வு கேஸ் அடுப்புக்கு மாறுவதுதான். விறகில் போட்ட ருசி வராது என்பீர்கள். எண்ணெயில் பொரியும் தேன்குழலுக்கு அடியில் எரிவது சீமைக்கருவேலமா கேஸா என்று தெரியப்போவதில்லை என்பது என் கட்சி, சண்டைக்கு வர வேண்டாம். விற்பனைக்குப் பலகாரம் போட 19 கிலோ வணிக சிலிண்டர்தான் எடுக்க வேண்டும், வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்துவது விதிமீறல். மாறும் வரை அடுப்பைக் கொல்லைப் பக்கம் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி உட்காருங்கள். ஈர விறகு வேண்டவே வேண்டாம். மிளகாய் வறுக்கிற வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள்.

கேள்வி: அப்பச்சிக்கு ஆஸ்துமா. "வேரோடு போய்விடும், இன்ஹேலரைத் தூக்கிப் போடலாம்" என்று வீடியோ விளம்பரம் பார்த்து, போனில் ஆர்டர் செய்து 7,800 ரூபாய்க்கு மூலிகைப் பொடி வாங்கினோம். முதல் வாரம் பிரமாதம். மூன்றாம் மாதம் முகம் வீங்கி, சர்க்கரையும் ஏறிவிட்டது. பணம் கேட்டால் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். (வாசகர், தேவகோட்டை)

பதில்: பணத்தைப் பிறகு பார்ப்போம். இன்றே அப்பச்சியை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு. இப்படி விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது உண்டு. முதல் வாரப் பிரமாதம், முக வீக்கம், சர்க்கரை மூன்றும் அந்தச் சந்தேகத்தைத்தான் எழுப்புகின்றன. அப்படி இருந்தால் மூன்று மாதம் தின்றதைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார். இன்ஹேலரை நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்து தயாரிப்பு உரிம எண் எங்கும் இல்லை. மூலையில் பொடி எழுத்தில் இருப்பது 14 இலக்க உணவு உரிம எண். அதாவது சட்டத்தின் கண்ணில் இது உணவுப்பொருள், விளம்பரத்தில் மட்டும் மருந்து. உணவுப்பொருளுக்கு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது. மருந்தாகவே இருந்தாலும், குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கக் கூடாத நோய்கள் என்று 1945-ம் வருட மருந்து விதிகளில் ஒரு பட்டியல் உண்டு, ஆஸ்துமா அதில் இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்து முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள், செலவில்லை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் ஒரு புகார் கொடுத்து, பொடியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மிச்சப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பணம் போன வங்கிச் செய்தி, வாட்ஸ்அப் பேச்சு, அந்த வீடியோ எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ம் வருடச் சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 7,800-ஐ மட்டும் கேட்காமல் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: நீல இன்ஹேலர் ஒன்றுதான் வைத்திருக்கிறேன், மூச்சு வாங்கும்போது அடித்தால் சரியாகிவிடுகிறது. டாக்டர் இன்னொன்றும், இன்ஹேலரில் மாட்டி அடிக்கும் ஸ்பேசர் என்று ஒரு குப்பியும் எழுதிக் கொடுத்தார். வியாபாரமா இது? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: இல்லை. நீலம் சுருங்கிய குழலை அந்த நேரத்துக்கு விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. நீலத்தை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டக் கூடாது என்று 2019 முதல் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. இரண்டாவது இன்ஹேலர்தான் வீக்கத்தை ஆற்றுவது. அதில் ஸ்டீராய்டு என்று பயப்பட வேண்டாம், அளவு மைக்ரோகிராமில் இருக்கும். அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இரண்டிலும் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் போய் மோதி நின்றுவிடும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் உள்சுவரில் மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்துக்கொள்ளும். வாங்கும்போது எத்தனை டோஸ் மிச்சம் என்று எண் காட்டும் இன்ஹேலரைக் கேளுங்கள். தண்ணீரில் மிதக்கிறதா பார்ப்பது பலிக்காத வித்தை. மருந்து தீர்ந்த பிறகும் வெறும் காற்று "புஸ்" என்று வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக, பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கப்போகிறோம். வௌவால் எச்சம், புறா எச்சம் எல்லாம் கிடக்கிறது. எனக்குத் தூசி ஆகாது. வாக்குவம் கிளீனர் வாங்கவா? (வாசகி, சென்னை)

பதில்: சாதா வாக்குவம் உறிஞ்சியதில் நுண்ணியதைப் பின்பக்கம் ஊதிவிடும், வாங்காதீர்கள். வேலைக்கு ஆள் வைத்து, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வழித்தெடுக்கச் சொல்லுங்கள். காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. வௌவால் எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம், புறா எச்சம் வேறொரு வகை நுரையீரல் அழற்சியைக் கொண்டுவரும். வேலை செய்பவர்களுக்கு நல்ல மாஸ்க் உங்கள் செலவில். ஆத்தங்குடிக் கல் தரை ஈரத்துணிக்கு நன்றாக வரும். ரத்தினக் கம்பளத்தை நீங்கள் இல்லாதபோது பிரிக்கட்டும். நீங்கள் எல்லாம் முடிந்து மறுநாள் போங்கள், நீல இன்ஹேலரோடு.

கேள்வி: லேபில் ரத்தம் எடுத்து 200-க்கு மேற்பட்ட பொருள்களுக்கு அலர்ஜி பேக்கேஜ் பார்த்ததில் பால், கோதுமை, கத்திரிக்காய் உட்பட 31 பொருள் ஆகாது என்று வந்திருக்கிறது. எனக்கோ தோட்டத்துச் சீமைக்கருவேலம் பூக்கும்போதுதான் இழுக்கிறது. (வாசகர், புதுவயல்)

பதில்: ரிப்போர்ட்டில் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உணவுக்கான ஐஜிஜி சோதனையை அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் ஏற்பதில்லை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் எதற்கும் அது உயர்ந்து காட்டும். அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஇ என்ற வேறு வகைப் புரதம், இல்லையென்றால் கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை. அதையும் உங்களுக்கு எப்போது இழுக்கிறது என்று கேட்டறிந்த மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சீமைக்கருவேலத்தின் மகரந்தம் நம் நாட்டில் அலர்ஜி தருவதாக நன்கு அறியப்பட்ட ஒன்று, உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. கத்திரிக்காயைச் சாப்பிடுங்கள். மரம் உங்கள் தோட்டத்தில்தானே நிற்கிறது, பூக்காத மாதத்தில் ஆள் விட்டு வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டியதை அங்கேயே கொளுத்தச் சொல்லிவிடாதீர்கள், விறகுக்குக் கேட்பவர்கள் ஊரில் இருப்பார்கள்.