சாப்பிட்டுவிட்டு எடுத்த ஸ்கேனை நம்பிச் சென்னைக்கு ஓடாதீர்கள்

கேள்வி: ஊரில் நடந்த முகாமில் என் வீட்டுக்காரருக்கு (48) ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். 10.8 கிலோபாஸ்கல் வந்திருக்கிறது. ‘கல்லீரல் சுருங்குகிறது, சென்னையில் சேர்த்துவிடுகிறேன், 15,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள்’ என்று கூட்டிப்போனவர் நெருக்குகிறார். ஸ்கேன் தாளும் ரத்தப் பரிசோதனைத் தாளும் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: பணம் கொடுக்காதீர்கள் அம்மா.

ஃபைப்ரோஸ்கேன் விலா இடுக்கில் லேசாகத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும். துணி காயப்போடும் கொடியைச் சுண்டிப் பாருங்கள். தொய்ந்த கயிற்றில் அதிர்வு மெல்லப் போகும், இழுத்துக் கட்டியதில் விரைந்து ஓடும். தழும்பேறிய கல்லீரலும் அப்படித்தான் விறைத்திருக்கும். அந்த விறைப்பைத்தான் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்கிறார்கள்.

ஆனால் சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால், தழும்பே இல்லாவிட்டாலும் விறைப்பு ஏறும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறாக இருக்கவேண்டும். ‘நாலு இட்லிதானே’ என்பார்கள். நாலு இட்லியும் சாப்பாடுதான். வழியில் குடித்த பால் காபியும் கணக்கில் சேரும். விடியற்காலை சாப்பிட்டு 10 மணிக்கு எடுத்தால் சரி, 9 மணிக்குச் சாப்பிட்டிருந்தால் அந்த எண்ணை நம்பமுடியாது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று எழுத உங்கள் ஸ்கேன் தாளில் ஒரு வரிகூட இல்லை! முகாம் நடத்துகிறவர்களுக்கு எத்தனை பேருக்கு எடுத்தோம் என்பதுதான் கணக்கு. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வெறும் வயிற்றில் 8க்குக் கீழே வந்தால், கொழுப்புக் கல்லீரல்காரருக்குப் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 8 முதல் 12 வரை சந்தேக எல்லை. கல்லீரல் நிபுணர் பார்க்கவேண்டும். அதையும் ‘சுருங்கிவிட்டது’ என்று முடிவுகட்டக் கூடாது.

நீங்கள் அனுப்பிய ரத்தத் தாளிலேயே ஒரு தடயம் இருக்கிறது. கல்லீரல் நொதிகளான ஏ.எஸ்.டி. 36, ஏ.எல்.டி. 49, தட்டணு (பிளேட்லெட்) 2.4 லட்சம். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, தட்டணுவை (ஆயிரக்கணக்கில், 240) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுத்தால் ஏறக்குறைய 1.03. தழும்பைக் கணிக்கும் இந்த எண்ணை ஃபிப்-4 என்பார்கள். 1.3க்குக் கீழே இருப்பது ஆறுதலான எண்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். மறுபடி எடுக்கவேண்டுமா, எங்கே எடுப்பது என்று மருத்துவர் சொல்லட்டும். எடுத்தால் 10 அளவுகள் பதிவானதா, அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் ஐ.கியூ.ஆர்., நடு அளவில் 30 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முகாமுக்குக் கூட்டிப்போனவரிடம் ஆதாரோ காப்பீட்டு அட்டையோ கொடுத்திருந்தால், இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.