எந்த பெஞ்ச்?

அன்புள்ள மேடம்,

எனக்கு 44 வயது. இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நீங்களும் கேட்கலாம். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

நான் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. அங்கே மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச். ஒரு முனை உடைந்து உள்ளேயிருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது என் கவுனைக் கிழித்துவிடும் என்று அப்பா எப்போதும் அந்த முனையில் உட்கார்ந்துகொண்டு, நல்ல பக்கத்தை எனக்கு விடுவார். எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டார். அதன் பிறகு தினமும் சாயங்காலம் நாங்கள் இருவரும் அங்கேதான். பாடம் ஒப்பிப்பேன். சில நாள் ஒன்றுமே பேச மாட்டோம்.

மூன்று மாதம் முன்பு போனேன். பெஞ்ச் இல்லை. அந்த இடத்தில் இரும்பு நாற்காலிகள். "பழசையெல்லாம் எடுத்துட்டோம்" என்றார்கள். ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம் இல்லையா? எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். கிடைக்கவில்லை. ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை.

தம்பியிடம் அழுதேன். "பெஞ்சுதானே அக்கா" என்றான். அவனுக்கு அப்போது மூன்று வயது, அவனுக்கு என்ன தெரியும்? அன்றிலிருந்து அவன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அவனோடுதான் அப்பா இருக்கிறார். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவரும் "எந்த பெஞ்ச்?" என்றார். விவரமாகச் சொன்னேன். "ஓ" என்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் "எந்த பெஞ்ச்மா?" என்று கேட்டார். 76 வயது, அதை விடுங்கள். ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புகார் கொடுக்கலாமா? தம்பி மேல் இருக்கும் கோபம் எப்படிப் போகும்?

பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெஞ்சைப் பற்றி அவ்வளவு எழுதிய நீங்கள், அப்பாவைப் பற்றிச் சில வரிகள் எழுதிவிட்டு "அதை விடுங்கள்" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

உங்கள் துக்கம் அற்பமானதல்ல. அதைச் சொல்லிவிடுகிறேன். இடத்துக்கும் ஞாபகத்துக்கும் உறவு உண்டு. 1975-இல் கோடன், பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆழ்நீச்சல் வீரர்களைத் தண்ணீருக்கடியில் சொற்களை மனப்பாடம் செய்யவைத்தார்கள். கரைக்கு வந்து கேட்டபோது நினைவு வந்ததைவிட, தண்ணீருக்கடியிலேயே கேட்டபோது அதிகச் சொற்கள் நினைவுக்கு வந்தன. அந்த மரத்தடிக்குப் போனால் அந்தச் சாயங்காலங்கள் திரும்பி வருவது உங்கள் கற்பனை இல்லை.

ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பெஞ்ச் என்று நான் நினைக்கவில்லை.

அப்பா முதல் தடவை "எந்த பெஞ்ச்?" என்று கேட்டதில் ஒன்றும் இல்லை. மனைவியை இழந்த மனிதர், கம்பி மகள்மேல் படாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சையா பார்த்திருப்பார்? உங்களைத்தான் பார்த்திருப்பார். இரண்டாவது தடவை கேட்டாரே, அதுதான் வேறு. ஐந்து நிமிடம் முன்பு சொன்னது நிற்கவில்லை. உங்களுக்கு அது அப்போதே உறைத்திருக்கிறது. அதனால்தான் அவசரமாக அவர் வயதைச் சொல்லி மூடிவிட்டீர்கள். அந்தச் சாயங்காலங்களுக்கு உங்களைத் தவிர மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அவர். அந்தப் பயத்தைவிட சிமென்டுக்காக அழுவது சுலபம்.

போனில் சரியாகக் கேட்காமல்கூட இருந்திருக்கலாம். ஒரு தடவையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் "வயசாச்சு" என்பதும் ஒரு முடிவுதான், அதையும் செய்யாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் என்று ஞாபகத்தைக் குலைக்கும், ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. மருத்துவரிடம் காட்டினால்தான் தெரியும்.

தம்பி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. போனில் உங்கள் காதில் ஒரு தடவை விழுந்த அப்பாவின் கேள்வி, வீட்டில் தம்பியின் காதில் தினமும் பலமுறை விழுந்துகொண்டிருக்கலாம். அப்படிப்பட்டவர் வாயில் "பெஞ்சுதானே அக்கா" என்று வந்தால், அதில் அலட்சியம்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மூன்று வயதில் அம்மாவை இழந்தவருக்கு அம்மாவின் முகமே நினைவிருக்காது. உங்களிடம் இருக்கும் சாயங்காலங்கள்கூட அவரிடம் இல்லை. நீங்கள் அவரைத் தண்டிப்பதாக நினைத்து, மூன்று மாதமாக அப்பாவைப் பார்க்காமல் இருக்கிறீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகாதீர்கள், தம்பி வீட்டுக்குப் போங்கள். அப்பாவிடம் "ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு அது பரீட்சை ஆகிவிடும். நீங்களே சொல்லுங்கள்: கம்பி, கவுன், அவர் எந்தப் பக்கம் உட்காருவார் என்பது எல்லாம். மறுபடி "எந்த பெஞ்ச்?" என்று கேட்டால் முதல் தடவை சொல்வது போலவே சொல்லுங்கள். தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவருக்கும் இந்தக் கதை வேண்டும்.

புகார் மனுவை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.